பெடல் சுத்துற நேரத்துல அத்தன வருசமும் எங்க போச்சு?

(எபிசோடின் ஒலிப்பதிவைப் படிப்பதற்கு ஏற்றபடி லேசாகத் திருத்தியிருக்கிறோம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

[அப்பத்தாவின் குரல்: "எங்கம்மாவுக்கு நாங்க நாலு புள்ளைங்கப்பா. நான் ரெண்டாவது."]

வணக்கம் மக்களே. மெட்ரோவுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கேக்குறவங்க, பாத்திரம் விளக்கிக்கிட்டே கேக்குறவங்க, தூக்கம் வராம கேக்குறவங்க, எல்லாருக்கும் வணக்கம். இப்போ கேட்டது எங்க அப்பத்தாவோட குரல். 2019ல என் போன்ல பதிவு பண்ணது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, கடைசில திரும்ப வருவோம்.

முதல்ல ஒரு கணக்கு. 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் தொடரோட முதல் முழு எபிசோட் வந்தது 1989 டிசம்பர் 17. அப்போ பார்ட் சிம்ப்ஸனுக்கு 10 வயசு. தங்கச்சி லிஸாவுக்கு 8. மேகி கைக்குழந்தை. இன்னைக்கும் பார்ட்டுக்கு 10, லிஸாவுக்கு 8, மேகி வாயில இருந்து அந்த ரப்பர் நிப்பிளை இன்னும் எடுக்கல. 1989ல நிஜமாவே 10 வயசா இருந்த ஒரு பையன், இன்னைக்குப் பார்ட்டோட அப்பா ஹோமரைவிட மூத்தவன். சரி, ஹோமருக்கு என்ன வயசுன்னு கேட்டா அதுலயும் தகராறு. ஒரு எபிசோட்ல 36, இன்னொண்ணுல 38, அப்புறம் 39.

இதைத்தான் கன்டினியூட்டி பிழைன்னு சொல்றோம். போன காட்சியில சொன்னதும் இந்தக் காட்சியில காட்டுறதும் ஒத்துப் போகாம இருக்கிறது. இன்னைக்கு அதைப் பத்தியும், பகடியைப் பத்தியும், ரெண்டையும் எனக்குச் சொல்லிக் கொடுத்த எங்க ஊரைப் பத்தியும் பேசலாம்.

நகல் முதல்ல, அசல் அப்புறம்

எங்க ஊர் வருசநாடு. தேனியில பஸ் ஏறினா கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைன்னு தாண்டிப் போகணும். மூல வைகை ஓடி வர்ற மலைக்காடு. இலவ மரம், புளிய மரம், தென்னந்தோப்பு. சினிமா தியேட்டருக்குப் போகணும்னா அது ஒரு நாள் வேலை. அதனால எனக்குச் சினிமா டிவி வழியாத்தான் வந்துச்சு. டிவியும் அரசு கொடுத்த இலவச கலர் டிவிதான். 2006க்கு அப்புறம் ஊர் ஊரா வந்துச்சே, அதுல ஒண்ணு.

அந்த டிவியில நான் விடாம பார்த்தது விஜய் டிவியோட 'லொள்ளு சபா'. ராம்பாலா இயக்கம். சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா எல்லாரும் அதுல இருந்து வந்தவங்கதான். மனோகர் கையைக் காலை ஒரு மாதிரி வீசி நடந்து வந்தாலே வீட்டுல சிரிப்பு கிளம்பிரும். ஒரு ஹிட் படத்தை எடுத்துக்குவாங்க. அதே ஷாட், அதே பின்னணி இசை, அதே சோக முகம். ஆனா செட் மட்டும் அட்டைப்பெட்டி.

இதுல என் கதை என்னன்னா, நான் அசல் படத்தைப் பார்த்திருக்க மாட்டேன். பகடியைத்தான் முதல்ல பார்ப்பேன். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, ஏதாவது ஒரு பண்டிகை நாள்ல அசல் படம் டிவியில வரும். ஹீரோ அம்மா மடியில படுத்து அழுவாரு. வீடே கண்ணைத் துடைக்கும். நான் ஒருத்தன் மட்டும் உருண்டு உருண்டு சிரிப்பேன். என் சித்தி ஒரு தடவை முதுகுலயே ஒண்ணு போட்டாங்க.

காலேஜ் ஹாஸ்டல்ல பென் டிரைவ்ல சிம்ப்ஸன்ஸ் வந்து சேர்ந்தப்பவும் இதே கதைதான். 1993ல வந்த 'கேப் ஃபியர்' பகடி எபிசோட்ல, ஸைட்ஷோ பாப்ங்கிற வில்லன் கீழ கிடக்கிற மண்வாரியை மிதிப்பான், அதோட காம்பு எழும்பி மூஞ்சியில அடிக்கும். ஒரு தடவை இல்ல, ஒன்பது தடவை. எபிசோட் நீளம் பத்தலன்னு இழுத்த காட்சி அது. இழுத்து இழுத்தே சிரிப்பு வர வச்சுட்டாங்க. மார்ட்டின் ஸ்கோர்செஸியோட 1991 படத்தைத்தான் அவங்க கிண்டல் பண்றாங்க, அந்தப் படமே 1962ல வந்த ஒரு படத்தோட மறு ஆக்கம்னு எனக்குத் தெரியவே தெரியாது. அதே வருஷம் வந்த 'ரோஸ்பட்' எபிசோட்ல மிஸ்டர் பர்ன்ஸ் தன்னோட சின்ன வயசுக் கரடி பொம்மைக்காக ஏங்குவாரு. ஆர்சன் வெல்ஸோட 'சிட்டிஸன் கேன்' படத்தை நான் அந்தக் கரடி பொம்மை வழியாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பகடி ரசிக்கணும்னா அசல் தெரிஞ்சிருக்கணும்னு சொல்வாங்க. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு பகடிதான் அசலையே அறிமுகப்படுத்தி வச்சது. இந்த விதிக்கு எனக்கு ஒரே ஒரு விதிவிலக்குதான் உண்டு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

"இவருக்குப் பதில் இவர்"

கன்டினியூட்டி பிழையில ரகம் ரகமா இருக்கு.

முதல் ரகம் சும்மா கைத்தவறு. சினிமாவுல காட்சிகளை வரிசையா எடுக்கிறதில்ல. கதவைத் திறக்கிறது இந்த மாசம், உள்ள நுழையறது அடுத்த மாசம்னு எடுப்பாங்க. அதனால ஹீரோ சட்டையில எத்தனை பட்டன் போட்டிருந்தாரு, டீ கிளாஸ்ல எவ்வளவு டீ இருந்துச்சுன்னு குறிச்சு வைக்கிறதுக்குன்னே ஒரு உதவி இயக்குநர் இருப்பாரு. அவர் ஒரு நிமிஷம் அசந்தாருன்னா, அடுத்த ஷாட்ல டீ தானா ஏறி இருக்கும்.

கார்ட்டூன்ல எல்லாத்தையும் வரையறோமே, அங்க எப்படித் தப்பு வரும்னு கேக்கலாம். வரும். 1990ல வந்த ஒரு ஆரம்ப எபிசோட்ல பர்ன்ஸோட உதவியாளர் ஸ்மிதர்ஸ் கறுப்புத் தோலோட, நீல முடியோட இருப்பாரு. வண்ணம் தீட்டுறதுல நடந்த குளறுபடி. அப்புறம் எல்லாரையும் போல மஞ்சளாயிட்டாரு. இதுவரைக்கும் யாரும் அவர்கிட்ட ஒரு விளக்கம் கேக்கல.

ரெண்டாவது ரகம், வேற வழியில்லாம பண்றது. நம்ம சீரியல் பார்த்தவங்களுக்கு இது அத்துப்படி. நேத்து வரைக்கும் ஒரு அம்மா மருமகளா அழுதுக்கிட்டு இருப்பாங்க. இன்னைக்கு வேற ஒரு அம்மா அதே புடவையில வந்து அழுவாங்க. கீழ ஒரு வரி ஓடும்: "இவருக்குப் பதில் இவர்". அவ்வளவுதான். புருஷன், மாமியார், தெருவுல போற நாய் உட்பட யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சிம்ப்ஸன்ஸ் இதையே ஒரு கலையா ஆக்கிருச்சு. 1997ல ஒரு எபிசோட். பள்ளிக்கூட பிரின்ஸிபால் ஸ்கின்னர் உண்மையில ஸ்கின்னரே இல்ல, ஆர்மின் டம்ஸேரியன்ங்கிற வேற ஆளு, அத்தனை வருஷமா ஆள்மாறாட்டம் பண்ணிட்டாருன்னு கதை. கடைசில ஊர் கூடி, எல்லாம் பழையபடியே இருக்கட்டும்னு முடிவு பண்ணும். இனி யாரும் இதைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு நீதிபதி உத்தரவே போட்டுருவாரு. ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹாரி ஷியரருக்கே இந்தக் கதை பிடிக்கல. இத்தனை வருஷம் ரசிகர்கள் ஒரு மனுஷன் மேல வச்ச நம்பிக்கையை இப்படி உடைக்கலாமான்னு வெளிப்படையாவே வருத்தப்பட்டாரு. ஏழு வருஷம் கழிச்சு, 2004ல, லிஸா வளர்த்த பூனை ஸ்னோபால் 2 செத்துப் போகும். அடுத்தடுத்து வந்த பூனைகளும் தங்காது. ஐந்தாவது பூனைக்கு, புதுசா ஒரு தட்டு வாங்குற செலவு மிச்சம்னு, ஸ்னோபால் 2ன்னே பேர் வச்சுருவா. ஸ்கின்னர் வந்து இது ஏமாத்து வேலை இல்லையான்னு கேப்பாரு. ஆமா பிரின்ஸிபால் டம்ஸேரியன்னு அவ அமைதியா பதில் சொல்லுவா. மனுஷன் வாயை மூடிக்கிட்டுப் போயிருவாரு. யாரு மறந்தாலும் எழுதுறவங்களுக்கு ஞாபகம் இருக்குங்கிறதுதான் அந்த ஜோக்.

நம்மளை மாதிரி பிழை தேடுற ஆளுங்களையும் விட்டு வைக்கல. 1999ல வந்த ஹாலோவீன் எபிசோட்ல 'ஸீனா' தொடர் நடிகை லூஸி லாலெஸ் வருவாங்க. குதிரையோட இனம் அடுத்த காட்சியிலயே மாறுச்சேன்னு ரசிகர்கள் குடைவாங்க. அந்த மாதிரி எதைப் பார்த்தாலும் ஒரு மந்திரவாதி பண்ணிட்டான்னு நினைச்சுக்கங்கன்னு சொல்லி முடிச்சுருவாங்க. நம்ம ஊர் பாஷையில, எல்லாம் தெய்வச் செயல்.

இதெல்லாம் சிரிப்பு. ஆனா 2008ல வந்த ஒரு எபிசோடுக்குப் பழைய ரசிகர்கள் நிஜமாவே கோவப்பட்டாங்க. ஹோமரும் மார்ஜும் பள்ளிக்கூடத்துல 1974ல சந்திச்சாங்கன்னு 1991ல ஒரு எபிசோட் சொல்லியிருந்துச்சு. பார்ட்டுக்கு 10 வயசு மாறாததால அந்தக் கணக்கு உதைக்க ஆரம்பிச்சுச்சு. அதனால 2008ல, அவங்க இளமைக்காலம் 1990கள்லதான்னு மாத்திட்டாங்க. ஒரு கார்ட்டூன் தம்பதியோட காதல் கதைக்காக ஏன் இவ்வளவு கோவம்? எனக்கு அது புரிஞ்சது வருசநாட்டுல, எங்க அப்பத்தாகிட்ட.

சினிமாபட்டி

சொன்னேனே, ஒரு விதிவிலக்கு. அந்தப் படம் 'தமிழ்ப் படம்'. சி.எஸ். அமுதன் இயக்கம், சிவா ஹீரோ, 2010 ஜனவரியில வெளியானது. தமிழ் சினிமாவை முழுசா வச்சுச் செஞ்ச முழுநீளப் பகடி. அது டிவியில வந்தப்போ எனக்குப் பத்தாம் வகுப்பு லீவு. கரண்ட் எப்போ போகும்னு தெரியாத காலம். அப்பத்தா வாசப்படி ஓரமா உக்காந்து புளி தட்டிக்கிட்டு இருந்தாங்க. நானும் சித்தி பிள்ளைகளும் டிவி முன்னாடி.

படம் ஆரம்பிக்கிற ஊரோட பேரு சினிமாபட்டி. அந்த ஊர்ல ஆண் குழந்தை பொறந்தா கள்ளிப்பால் ஊத்திக் கொன்னுருவாங்க. ஏன்னா வளர்ந்தா சென்னைக்குப் போயி மசாலாப் பட ஹீரோ ஆயிருவான். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்பத்தா புளி தட்டுறதை நிறுத்திட்டாங்க.

"கள்ளிப்பால் ஊத்துறதக் காட்டுறான், பல்லக் காட்டிக்கிட்டு இருக்கீங்களேடா."

இந்தத் தடவை அசல் என்னன்னு எனக்குத் தெரியும். சினிமா அசல், எங்க ஜில்லாக்காரர் பாரதிராஜா 1994ல எடுத்த 'கருத்தம்மா'. பெண் சிசுக்கொலையைப் பத்தின படம், குடும்ப நலனுக்கான தேசிய விருது வாங்குச்சு. அதுக்கும் பின்னால நிஜ அசல் ஒண்ணு இருக்கு. 1980கள்ல எங்களுக்குப் பக்கத்து உசிலம்பட்டி வட்டாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது இதனாலதான். வேண்டாம்னு நினைக்கிற பெண் குழந்தையை அரசுகிட்டயே ஒப்படைக்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல சேலத்துல ஆரம்பிச்சது. 2001ல அதை விரிவாக்கினப்போ சேர்த்த மாவட்டங்கள்ல தேனியும் ஒண்ணு.

நான் அவசரமா விளக்கினேன். "இல்ல அப்பத்தா, பொட்டப் புள்ளைக்கு இல்ல. ஆம்பளப் புள்ளைக்கு."

"ஆம்பளப் பயலுக்கா?"

ஒரு நிமிஷம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, கையில இருந்த புளி தட்டுற கட்டை கீழ விழுந்துருச்சு. "அப்பிடிப் போடு! அவிய்ங்களுக்கும் ஊத்தட்டும்!" அன்னைக்கு அந்த வீட்டுல அந்த ஜோக்கை முழுசா புரிஞ்சு சிரிச்சது அவங்க ஒருத்தங்கதான். எங்களுக்கு அது சினிமா மேல பண்ண கிண்டல். அவங்களுக்கு அது ஊர் மேல பண்ண கிண்டல்.

கதையில பாட்டிதான் பேரனைக் காப்பாத்திச் சென்னைக்குத் தூக்கிட்டுப் போவாங்க. பரவை முனியம்மா. "நம்ம பக்கத்துப் பாட்டுக்காரியில்ல!"ன்னு அப்பத்தாவுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் அந்தப் பிரபலமான இடம் வரும். பழைய படங்கள்ல ஓடுற பையனோட காலைக் காட்டி, அப்படியே ஹீரோ காலைக் காட்டுவாங்களே, அதைக் கிண்டல் பண்ணி, சைக்கிள் பெடல் சுத்துற நேரத்துல பையன் வளர்ந்து சிவாவா நிப்பான். நாங்க மறுபடி சிரிச்சோம். அப்பத்தா சிரிக்கல.

"ஏண்டா, அதுக்குள்ள எப்பிடி வளந்தான்?"

"அதான் அப்பத்தா கிண்டலே."

"கிண்டல் சரிடா. இடையில அவனுக்கு யாரு கஞ்சி ஊத்துனா? காச்சல் வந்தா யாரு தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனா? பெடல் சுத்துற நேரத்துல அத்தன வருசமும் எங்க போச்சு?"

அப்பாவும் அம்மாவும் திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை பார்த்தாங்க. என்னை மூணு வயசுல இருந்து வளர்த்தது அப்பத்தாதான். அவங்க கேட்டது சிவாவைப் பத்தி மட்டும் இல்லன்னு எனக்கு அப்போ தெரியல. படத்தோட கடைசில 'டி'ங்கிற பெரிய வில்லன் யாருன்னு பார்த்தா, அதே பாட்டி. வெளியாகி இத்தனை வருஷம் ஆச்சு, இதுக்கெல்லாம் ஸ்பாய்லர்னு திட்டாதீங்க. அப்பத்தா எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. "வளத்தவளத்தான் கடைசில வில்லியாக்குவாய்ங்க, தெரியாதாக்கும்."

அன்னைக்கு ராத்திரி கரண்ட் போயிருச்சு. வாசல்ல பாய் போட்டுப் படுத்திருந்தோம். எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அப்பத்தாகூடப் பொறந்தவங்க எத்தனை பேர்னு யாராவது கேட்டா, ஒரு சமயம் நாலு பேர்னு சொல்வாங்க, ஒரு சமயம் அஞ்சுன்னு சொல்வாங்க. வயசானா மறதி வரும்தானேன்னு நினைச்சிருந்தேன். ஹோமரோட வயசு மாதிரி, எழுதுறவங்க கவனிக்காம விட்ட பிழைன்னு வச்சுக்கங்களேன். அன்னைக்குக் கேட்டுட்டேன்.

"பெத்தது அஞ்சு. தங்குனது நாலு."

அவ்வளவுதான் சொன்னாங்க. காய்ச்சலா, வேற எதுவுமான்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "பொட்டப் புள்ள"ன்னு மட்டும் சொன்னாங்க.

படம் வளராது, குரல் வளரும்

அதுக்கப்புறம் கன்டினியூட்டி பிழைங்கிற விஷயத்தை நான் பார்க்குற விதமே மாறிருச்சு. முந்தி, பிழையைக் கண்டுபிடிச்சா ஒரு கெத்து. "பாத்தியா, மாட்டிக்கிட்டாங்க"ன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போடுவேன். இப்பவும் போடுறேன், பொய் சொல்லல. ஆனா ஒரு கணக்கு உதைக்கிற இடத்தைப் பார்த்தா, அங்க யாரோ இருந்திருக்காங்களான்னும் ஒரு தடவை பார்க்கத் தோணுது.

சிம்ப்ஸன்ஸையே எடுத்துக்கங்க. அந்தத் தொடர்ல முதல்ல குரலைத்தான் பதிவு பண்ணுவாங்க. அதுக்கு ஏத்த மாதிரி அப்புறம்தான் படம் வரைவாங்க. வரையற பார்ட்டுக்கு வயசாகாது. குரல் கொடுக்கிற மனுஷருக்கு ஆகும். பார்ட்டோட குரல் நான்ஸி கார்ட்ரைட்டுங்கிற பெண்மணி. 1987ல குட்டிக் குட்டி துணுக்குகளா வந்த காலத்துல இருந்து அவங்கதான். மார்ஜோட குரல் ஜூலி கேவ்னர், 1950ல பொறந்தவங்க. ஒரு பழைய எபிசோடையும் ஒரு புது எபிசோடையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. மார்ஜோட நீலக் கொண்டை ஒரு முடி நரைக்கல. ஆனா குரல் நரைச்சிருக்கு. அதை யாராலயும் மந்திரவாதி பண்ணிட்டான்னு சொல்லித் தாண்டிப் போக முடியாது.

பார்ட்டோட டீச்சர் எட்னா கிரபாப்பலுக்குக் குரல் கொடுத்த மார்ஸியா வாலஸ் 2013 அக்டோபர் 25 அன்னைக்கு இறந்துட்டாங்க. "இவருக்குப் பதில் இவர்"னு ஒரு வரி ஓட விட்டிருக்கலாம். பூனைக்கே அப்படிப் பண்ண ஊருதானே அது? பண்ணல. அந்தப் பாத்திரத்தையே நிறுத்திட்டாங்க. வாராவாரம் எல்லாத்தையும் பழையபடி ஆக்குற ஒரு ஊர், இந்த நாற்காலியைக் காலியா விட்டுச்சு. 1974ஐ 1990கள் ஆக்குனப்போ ரசிகர்களுக்கு வந்த கோவமும் இதே இடத்துல இருந்துதான் வந்துச்சுன்னு நினைக்கிறேன். நாங்க கூடவே இருந்து பார்த்த வருஷங்களை நீங்க எப்படிக் கழிப்பீங்கன்னு. அப்பத்தா கேட்ட அதே கேள்வி.

இப்போ ஆரம்பத்துல கேட்ட குரலுக்கு வருவோம். அது 2019. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆளுங்க வந்திருந்தாங்க. கூடம் நிறைய புது மனுஷங்க. அப்போ சொன்னது நாலு. இது போன மாசம் எடுத்தது. வீட்டுல நானும் அவங்களும் மட்டும்தான்.

[அப்பத்தாவின் குரல்: "நாங்க அஞ்சு பேரு. நான் ரெண்டாவது. எனக்கு அடுத்தவதான் அவ."]

எங்க ஒலி எடிட்டர் இந்த ரெண்டையும் கேட்டுட்டு போன் பண்ணாரு. "ப்ரோ, ரெண்டு பிரச்சினை. எண்ணிக்கை மாறுது. அப்புறம் குரல் மேட்ச் ஆகல, வேற ஆள் மாதிரி இருக்கு. முதல் கிளிப்பைத் தூக்கிரலாமா?"ன்னு கேட்டாரு. அவர் சொன்னது சரிதான். ஆறேழு வருஷத்துல அந்தக் குரல் ரொம்பத் தேஞ்சிருச்சு. கேக்குறவங்க குழம்புவாங்க.

வேண்டாம், ரெண்டையும் வைங்கன்னு சொல்லிட்டேன்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். அதுக்குள்ள உங்க வீட்டுல ஒத்துப் போகாத ஒரு கணக்கு இருந்தா, ஒரு தேதியோ, ஒரு பேரோ, ஆல்பத்துல யாருன்னே சொல்லாத ஒரு முகமோ, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கூட்டத்துல கேக்காதீங்க, தனியா இருக்கிறப்போ கேளுங்க. வர்றேன் மக்களே.